வலது கைக்காரர் என்று சொன்னேன்

1983-ஆம் வருஷம், ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். பம்பாய் தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்துகளில் ஒன்றில் இருந்த தோல் பட்டறையில் இது ஆரம்பித்தது. அன்று ஒரு மனிதரைச் சாகடிக்க நான் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் அவருடைய நன்மையை உத்தேசித்தே முயன்றேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் வீடு, கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் உத்தியோகம். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். படித்ததை அன்று சாயந்திரத்துக்குள் யாரிடமாவது சொல்லித் தீர்க்காவிட்டால் எனக்கு ஜீரணமாகாது. வீட்டில் நான் "இன்னிக்கு ஒரு கட்டுரை படிச்சேன்" என்று ஆரம்பித்தால் என் மனைவி எழுந்துபோய் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போடுவாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆகவே சனிக்கிழமைகளில் அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் நான் தாராவிக்குப் போவேன். எங்கள் கம்பெனிக்கு வருஷா வருஷம் டைரி உறைகளும் கைப்பைகளும் செய்து தந்த முதலாளி ஒருவர் அங்கே இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். எல்லோருக்கும் பாய், எனக்கும் பாய். வியாபாரமாகத் தொடங்கிய பழக்கம் ஆறு வருஷத்தில் சிநேகிதமாகிவிட்டது. நான் சொல்வதை எல்லாம் அவர் உண்மையிலேயே கேட்பார். அப்படி ஒரு பிறவி கிடைத்தால் நான் விடுவேனா?

நான் பட்டறை வாசலில் தலையைக் காட்டியதும் பாய் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிடுவார். பின்னால் போய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்காருவார். வந்தவரை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவருடைய கட்சி. டீ வரும். அதை அவரே எடுத்து என் கையில் கொடுப்பார். கணக்குப் பார்த்து பில் எழுதித் தருவார். கிளம்பும்போது கை குலுக்குவார். ஆறு வருஷம் இப்படி. அவருடைய பட்டறையில் நான் எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அவர் வேலை செய்து ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை. அன்றுவரை இது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. குடையை மடக்கிக்கொண்டு நான் உள்ளே நுழையும்போது பாய் ஏற்கெனவே சும்மாதான் உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. டீ வந்தது. வலது கையால் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கத்திரி குடிங்க சார், ஆறிப் போவும்" என்றார்.

தையல் மிஷினில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. தான் சொன்னதில் ஏதோ தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. வாயைத் திறந்தார், வார்த்தை கிடைக்காமல் மூடிக்கொண்டார்.

பின்கட்டிலிருந்து அவர் மனைவி வந்தார். பட்டறைக்கு மேலே மரத்தளம் போட்டு, அதில்தான் அவர்கள் குடித்தனம். பம்பாயில் அதை மாளா என்பார்கள்.

"காலையிலேருந்து இப்படித்தாண்ணே பேசுதாவ. எடது கையில எத எடுத்தாலும் கீழ போடுதாவ. பத்து நாளா தலவலி வேற. மூணு வாரத்துக்கு முந்தி மாளாவுல ஏறும்போது இரும்புச் சட்டத்துல தலைய இடிச்சிக்கிட்டாவ, அதுலேருந்தே சரியில்ல."

கட்டிங் மாஸ்டர் என்று ஒருவர் அங்கே உண்டு. தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர், பாயோடு பதினைந்து வருஷமாக இருப்பவர், அதிகம் பேசமாட்டார். அவர் எழுந்து வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாமா, தனக்கு என்னவோ சரியாகப் படவில்லை என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பட்டறையில் படித்தவன் நான் ஒருவன்தானே.

என் துரதிர்ஷ்டம், பாயின் துரதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும், முந்தின வாரம்தான் லைப்ரரியில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் மூளையைப் பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தேன். மிக்ஸியின் உபயத்தால் அது இன்னும் யாரிடமும் சொல்லப்படாமல் எனக்குள்ளேயே இருந்தது. தோலில் குறி போடுகிற சாக்கட்டியை எடுத்தேன். ஓர் அட்டையில் மூளையின் படம் வரைந்தேன். முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. நடுவே ஒரு கோடு இழுத்தேன்.

மூளையின் இடது பாதி வலது கையை ஆட்டுகிறது, வலது பாதி இடது கையை ஆட்டுகிறது என்று விளக்கினேன். பேச்சு இருப்பது இடது பாதியில். இப்போது பாயின் இடது கை சரியில்லை. அப்படியானால் கோளாறு வலது பாதியில் இருக்க வேண்டும். பேச்சும் சரியில்லை; அப்படியானால் கோளாறு இடது பாதியில் இருக்க வேண்டும். இரண்டு பாதியும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாள் காலையில் கெடுமா? கெடாது. ஆகவே இது மூளைக் கோளாறே இல்லை. கழுத்து நரம்பு பிடித்திருக்கிறது, தலைவலியால் தூக்கம் இல்லை, அசதியில் வாய் குழறுகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் இடித்தது இன்றைக்கா வந்து வலிக்கும்?

"ஒண்ணுமில்லைம்மா. நன்னா தூங்கட்டும். எழுந்தா சரியாயிடும்" என்றேன்.

கேட்டவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். மாஸ்டர் மட்டும் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். அவரைப் பின்கட்டில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள்.

மழை விடவில்லை. நான் பட்டறையிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். இன்னொரு டீ குடித்தேன். என் வாழ்க்கையிலேயே என்னைப் பற்றி நான் மிகவும் திருப்தியாக இருந்த இரண்டு மணி நேரம் அது.

நாலரை மணிக்குப் பின்கட்டிலிருந்து அந்த அம்மாள் மாஸ்டரைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. குரலைக் கேட்டு நானும் எழுந்து ஓடினேன். பாயை எழுப்ப முடியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண் பாதி திறந்தது, மூடிக்கொண்டது. குறட்டை மாதிரி ஒரு மூச்சு. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மாஸ்டர் பாயைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில், அந்தச் சந்து முழுவதும் நடந்தார். நான் பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். குடை ஒருவருக்கும் பயன்படவில்லை. ரோட்டில் டாக்ஸி கிடைத்து, பக்கத்தில் இருந்த பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை ஆகிவிட்டது.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். மராட்டிக்காரர். பாயின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கையையும் காலையும் கிள்ளிப் பார்த்தார். வலது கை டாக்டரின் கையைத் தள்ளியது. இடது கை கிடந்தது கிடந்தபடியே கிடந்தது. தலையில் எப்போது அடிபட்டது என்று கேட்டார். மூன்று வாரம் என்றதும் அவர் முகம் மாறியது. முதலில் பேச்சு குழறியதா, கை விழுந்ததா என்று கேட்டார். இரண்டும் காலையிலிருந்தே என்றேன். பிறகு இங்கிலீஷில், "இவர் வலது கைப் பழக்கம் உள்ளவரா, இல்லை" என்று ஆரம்பித்தார்.

"வலது" என்றேன்.

அவர் கேள்வியை முடிக்கவில்லை. நான் பதிலை முடித்துவிட்டேன். ஆறு வருஷப் பழக்கம் டாக்டர், வலது கையால்தான் எழுதுவார், வலது கையால்தான் டீ கொடுப்பார் என்று ஆதாரங்களையும் அடுக்கினேன். அவர் திரும்பிப் பாயின் மனைவியிடம், எந்தக் கையால் சாப்பிடுவார் என்று ஹிந்தியில் கேட்டார். அந்த அம்மாள், இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்துவிட்டு, வலது கை என்ற அர்த்தத்தில் "சீதா ஹாத்" என்றார். சோற்றுக்கை என்று பெயரே வைத்திருக்கிற ஊர்க்காரர் வேறு எந்தக் கையால் சாப்பிடுவார்? டாக்டர் எழுதிக்கொண்டார்.

பெரிய டாக்டர் வந்தார். இருவரும் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். தலையில் அடிபட்டு, மண்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து தேங்கி, அது மூளையை அழுத்துகிறது. மண்டையோட்டில் துளை போட்டு வெளியேற்ற வேண்டும், உடனே. எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. அதைப் படம் பிடித்துக் காட்டும் மிஷின் அப்போது ஊரிலேயே ஒன்றிரண்டு இடங்களில்தான் இருந்தது. இந்த மழையில் அங்கே கொண்டுபோய்த் திரும்பும்வரை இவர் தாங்கமாட்டார் என்றார் பெரியவர். கையைப் பார்த்தால் வலது பக்கம் என்று தோன்றுகிறது. ஆனால் அழுத்தம் அதிகமாகி மூளை எதிர்ச்சுவரில் போய் முட்டினால், கை தப்பான பக்கத்தைக் காட்டுவதும் உண்டாம். வலது கைக்காரருக்குப் பேச்சு போனால், கோளாறு இடது பக்கம். பேச்சை நம்புவதா, கையை நம்புவதா என்று ஒரு நிமிஷம் யோசித்தார்.

"முதலில் இடது பக்கம்" என்றார்.

பாயைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் மூன்று பேரும் தாழ்வாரத்தில் நின்றோம். அந்த அம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து ஓத ஆரம்பித்தார். மாஸ்டர் என்னிடம், என்ன சார் சொன்னாவ என்று கேட்டார். இங்கிலீஷ் அவருக்குப் புரிந்திருக்காதே என்று நான் தமிழில் விளக்கினேன். அப்போதும், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அந்தக் கட்டுரையில் வந்ததையேதான் டாக்டர்களும் பேசினார்கள். வலது கைக்காரர் என்பதால் இடது பக்கம் திறக்கிறார்கள் என்று சொன்னேன்.

"யாரு சார் வலது கைக்காரரு?"

"பாய்தான்."

மாஸ்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மொதலாளி நொட்டாங்கைலா சார். தோலு சீவுதது, வெட்டுதது, சுத்தியல் பிடிக்கது, எல்லாமே நொட்டாங்கைதான். அவுக கத்தி ஒண்ணு இருக்கு, சாணை மறுபக்கமா பிடிச்சது, நாங்க யாரும் அத எடுத்து ஒரு இழுப்பு இழுக்க முடியாது. நீங்க வந்தா கைய களுவிட்டு வந்து உக்காந்துருவாவ. நீங்க எங்க பாத்திய?"

   எடது கையில எத எடுத்தாலும் கீழ போடுதாவ. அந்த அம்மாள் மத்தியானமே சொன்னாரே. வலது கைக்காரன் எதையும் இடது கையில் ஏன் எடுக்கப் போகிறான்?

ஓடினேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்ற ஆள் தடுத்தான். நான் என்ன பாஷையில் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை; தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றும் கலந்து வந்திருக்க வேண்டும். இளம் டாக்டர் கையுறையோடு வெளியே எட்டிப் பார்த்தார். நான் சொன்னது தப்பு, அவர் இடது கைக்காரர் என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டார். சற்று முன் இதே கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்கும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியாது டாக்டர். இவரைக் கேளுங்கள்" என்று மாஸ்டரை முன்னால் தள்ளினேன்.

மாஸ்டருடைய ஹிந்தி பட்டறை ஹிந்தி. அதை அவர் நம்பவில்லை போலிருக்கிறது. வாயைத் திறக்காமல், இடது கையில் கத்தியைப் பிடிப்பதுபோலப் பிடித்து, வலது கையால் தோலை அமுக்குவதுபோல அமுக்கி, பாய் சீவுகிற மாதிரியே சீவிக் காட்டினார். பழக்கமில்லாத கை, தடுமாறியது. பிறகு வலது கைக்கு மாற்றிக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார். டாக்டர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுவது, சாப்பிடுவது என்று கேட்டார். அது ரெண்டும் அவுக வாப்பா அடிச்சுப் பழக்கினது என்றார் மாஸ்டர். நான் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

டாக்டர் உள்ளே போனார். கதவு மூடியது.

ஒன்றரை மணி நேரம். என் மனைவி மாட்டுங்காவில் எனக்காகக் காத்திருப்பாள் என்பதும் தோன்றவில்லை. அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தாழ்வாரத்தின் மறுகோடியில் நின்றேன். மத்தியானம் அட்டையில் நான் இழுத்த கோடுதான் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

ஏழரைக்குப் பெரிய டாக்டர் வந்தார். வலது பக்கம்தான் திறந்தோம், பழைய என்ஜின் ஆயில் மாதிரி கறுப்பு ரத்தம், வெளியேற்றிவிட்டோம், மூச்சு சீராகிவிட்டது என்றார். அந்த அம்மாள் தலைமுக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் டாக்டரின் பின்னாலேயே போய், இடது பக்கம் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அங்கே ஒன்றும் இருந்திருக்காது, மூடிவிட்டு மறுபக்கம் போயிருப்போம் என்றார். பிறகு, அதற்கு வேண்டிய நேரம் அவரிடம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நாலாம் நாள் நான் போனபோது இளம் டாக்டர் பாயின் கட்டில் அருகே நின்று, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லிக்கொண்டிருந்தார். வலது கை சட்டென்று செய்தது. இடது கை யோசித்து யோசித்துச் செய்தது, ஆனால் செய்தது. வெளியே வந்ததும், இடது கையும் பேச்சும் எப்படி ஒரே பக்கத்துக் கோளாறில் கெட்டன என்ற என் சந்தேகத்தைக் கேட்டேன். புத்தகத்தில் இருப்பது பெரும்பாலானவர்களுக்கு என்றார் அவர். இடது கைக்காரர்களிலும் முக்கால்வாசிப் பேருக்குப் பேச்சு இடது பாதியில்தான். சிலருக்கு மாறி வலதில் இருக்கும், சிலருக்கு இரண்டிலும் பரவி இருக்கும். கை அசைவிலும் அப்படித்தான். வலது கைக்காரன் இடது கையை ஆட்டும்போதுகூட அவனுடைய இடது மூளை கொஞ்சம் கூடமாட வேலை செய்கிறது. இடது கைக்காரர்களிடம் இந்தப் பங்கீடு வேறு மாதிரி. நடுவே கோடு போட்டுப் பிரித்துக்கொண்டு எந்தத் தலையும் பிறப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தார். என் முட்டைக்கோஸைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்க நியாயமில்லை.

லைப்ரரிக்குப் போய் அந்தப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். கடைசிப் பத்தியில் இருந்தது: இடது கைக்காரர்களுக்கு இது அப்படியே பொருந்தாது என்று. நான் கடைசிப் பத்திவரை படிக்கவில்லை. வாயு வேகத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டுமே, அந்த அவசரம்.

என்னை இன்னும் கலங்கவைப்பது வேறு. பாய் வீடு திரும்பிய அன்று நான் பார்க்கப் போயிருந்தேன். அவர் மனைவி என் முன்னால் வந்து கைகூப்பி, "நீங்க மட்டும் அன்னைக்கு இல்லேன்னா நாங்க என்னண்ணே செஞ்சிருப்போம்" என்றார். நான் மட்டும் அன்று இல்லாதிருந்தால், மாஸ்டர் பேச்சைக் கேட்டு மூன்று மணிக்கே ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார்கள். பாய் தன் காலால் நடந்தே உள்ளே போயிருப்பார். எந்தக் கையால் வேலை செய்கிறார் என்பதைக்கூட அவரே காட்டியிருப்பார். இதை அப்படியே அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அண்ணன் பெரிய மனசு பண்ணிப் பேசுதாவ என்றார். மாஸ்டர் மூலையில் தோலுக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

பாயிடம் கேட்டேன், ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட இடது கைப் பழக்கம் என்று ஏன் சொல்லவில்லை என்று. வார்த்தைகள் அவருக்கு அப்போதும் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"நீங்க கேக்கலியே சார். நீங்கதான பேசிக்கிட்டு இருந்திய."

குத்திக்காட்ட அவருக்குத் தெரியாது. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது. பாயும் நன்றாக இருக்கிறார், தோலும் சீவுகிறார். அவர் சீவுவதை இப்போது உட்கார்ந்து பார்க்கிறேன். படிப்பதை நான் விடவில்லை, பேசுவதையும் முழுக்க விட முடியவில்லை. ஆனால் யாராவது என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, பதில் நாக்கின் நுனிக்கு ஓடி வரும்போதெல்லாம், "தெரியாது" என்ற ஒரு சொல் அந்தச் சனிக்கிழமை என்னிடம் இல்லாமற்போனதால் ஒரு மனிதரின் தலையைத் தப்பான பக்கம் திறக்கப் போனார்கள் என்பது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.